கதிர் சிகிச்சைக்கு முந்தைய ஸ்கேன்: எவ்வளவு டோஸ் போதும்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் நேரமின்றி விட்டுப்போன சில விவரங்கள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



"ஆஸ்பத்திரியில் இன்ஜினீயருக்கு என்னய்யா வேலை? அதைப் பத்திப் பேசு" என்று சங்கத்தில் கேட்டுக்கொண்டார்கள். நியாயமான கேள்விதான். ஏ.சி., ஜெனரேட்டர், லிஃப்ட் இவற்றைப் பார்த்துக்கொள்கிறவன் என்றுதான் என் சித்தப்பாவே இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் இருப்பது ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் கதிர்சிகிச்சைப் பிரிவில். நம் ஊரில் இதைக் "கரண்ட் வைப்பது" என்பார்கள். அங்கே இரண்டு லீனியர் ஆக்சிலரேட்டர்கள், ஒரு சி.டி. சிமுலேட்டர். ஆக்சிலரேட்டர்களைப் பற்றிப் பேச எல்லோருக்கும் ஆசை. பெரிய இயந்திரம், பெரிய விலை. நான் இன்று பேசப்போவது அந்த மூன்றாவது ஆளைப் பற்றி. அதிலும், ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் அதன் திரையில் வந்துவிட்டுப் போகிற ஒரு எண்ணைப் பற்றி.

முதலில் சிமுலேஷன் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நோயாளியை வந்த அன்றே ஆக்சிலரேட்டரில் படுக்க வைத்துக் கதிரைத் திறந்துவிட முடியாது. கட்டி எங்கே இருக்கிறது, பக்கத்தில் எந்த உறுப்பு இருக்கிறது, கதிர் எந்தக் கோணத்தில் போனால் யாருக்கும் அடிபடாமல் போகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். அதற்கு ஒரு ஒத்திகை. சிகிச்சையின்போது எப்படிப் படுப்பாரோ அச்சாக அப்படியே படுக்க வைத்து ஒரு சி.டி. ஸ்கேன் எடுப்போம். சாதாரண ஸ்கேன் மேசை குழிவாக இருக்கும். இதில் பலகை மாதிரித் தட்டையாக இருக்கும். தலை, கழுத்து நோயாளிக்கு ஒரு பிளாஸ்டிக் வலை முகமூடி. வெந்நீரில் போட்டால் நனைந்த அப்பளம் மாதிரி தொய்ந்துவிடும், முகத்தின் மேல் விரித்து அழுத்தினால் சில நிமிடத்தில் அந்த முகமாகவே இறுகிவிடும். சுவரிலிருந்து வரும் லேசர் கோடுகளுக்கு நேராக உடம்பில் மூன்று இடத்தில் பொட்டு மாதிரி பச்சை குத்துவோம். அடுத்த முப்பது நாளும் அந்தப் பொட்டுதான் வழிகாட்டி.

அந்த ஸ்கேனில்தான் டாக்டர் கட்டியைச் சுற்றிக் கோடு வரைகிறார். அந்த ஸ்கேனில்தான் மெடிக்கல் பிஸிசிஸ்ட் டோஸைக் கணக்கிடுகிறார். ஆக, சிகிச்சை முழுவதும் அந்த ஒரு படத்தின் மேல் நிற்கிறது.

சி.டி. என்பது எக்ஸ்ரே. எக்ஸ்ரே என்றால் டோஸ் உண்டு. ஒவ்வொரு ஸ்கேன் முடிந்ததும் இயந்திரம் இரண்டு எண்களைக் காட்டும். ஒன்று சி.டி.டி.ஐ. வால்யூம், அலகு மில்லிகிரே. ஒரு குறிப்பிட்ட அளவுள்ள பிளாஸ்டிக் உருளையை இதே செட்டிங்கில் ஸ்கேன் செய்திருந்தால் அதில் சராசரியாக எவ்வளவு டோஸ் விழுந்திருக்கும் என்பது. மற்றது டி.எல்.பி.; முதல் எண்ணை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கி வருவது, அலகு மில்லிகிரே சென்டிமீட்டர். முதலாவது மழையின் வேகம் என்றால் இரண்டாவது மொத்தம் விழுந்த தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்களை யார் பார்க்கிறார்கள்? நோய் கண்டுபிடிக்க ஸ்கேன் எடுக்கும் ரேடியாலஜிப் பிரிவில் இன்று ஓரளவு பார்க்கிறார்கள். கதிர்சிகிச்சைப் பிரிவில், என் அனுபவத்தில், இல்லை. காரணம் மெத்தனம் மட்டும் இல்லை. வேலை நடக்கும் முறையே அப்படி. ஸ்கேன் முடிந்ததும் படங்கள் மட்டும் திட்டமிடும் கம்ப்யூட்டருக்குப் போகும். டோஸ் ரிப்போர்ட் என்கிற பக்கம் அந்தக் கம்ப்யூட்டருக்குத் தேவையில்லை, அதனால் ஸ்கேனரிலேயே தங்கிவிடும். ஹார்டு டிஸ்க் நிறைந்ததும் பழைய கேஸ்களோடு அதுவும் அழிந்து போகும். இந்தக் கல்லூரியின் மெஷர்மென்ட்ஸ் லேபில் ரீடிங் எழுதாமல் சர்க்யூட்டைப் பிரித்தவனை என்ன செய்வார்கள் என்று இங்கே முன்வரிசையில் இருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

எங்கள் பிரிவின் மூத்த டாக்டரிடம் இதைப் பற்றி முதலில் பேசியபோது அவர் சிரித்தார். "தம்பி, நான் இந்த அம்மாவுக்கு 60 கிரே கொடுக்கப் போறேன். 60 ஆயிரம் மில்லிகிரே. நீங்க 20 மில்லிகிரேக்குக் கணக்குக் கேக்கறீங்க. கடல்ல கரைச்ச பெருங்காயம் இது."

கணக்கு சரிதான். மூவாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் பெருங்காயம் எந்தக் கடலில் கரைகிறது என்று பார்க்க வேண்டும். அந்த 60 கிரே கட்டியின் மேல் விழுவது. அதைக் கட்டியோடு நிறுத்துவதற்காகத்தான் நாங்கள் கோடி கோடியாக இயந்திரம் வாங்கி, இரவெல்லாம் உட்கார்ந்து திட்டம் போடுகிறோம். ஸ்கேன் டோஸ் அப்படிப்பட்டது அல்ல. அது ஸ்கேன் செய்த நீளம் முழுக்க, நல்ல நுரையீரல், நல்ல குடல், மறு பக்கத்து மார்பு எல்லாவற்றிலும் பாரபட்சமின்றி விழும். வலது மார்பில் கட்டி வந்த 38 வயதுப் பெண் குணமாகி இன்னும் நாற்பது வருடம் வாழப் போகிறவர். அவருடைய இடது மார்பைப் பொறுத்தவரை சிகிச்சைக் கதிர் கடலே இல்லை, ஓரமாகத் தெறிக்கும் தூறல்தான். அங்கே ஸ்கேனின் டோஸுக்கும் ஒரு மதிப்பு உண்டு.

இன்னொரு விஷயம், ஸ்கேன் ஒன்றோடு நிற்பதில்லை. இடது மார்பு நோயாளிக்கு இதயத்தைக் கதிரிலிருந்து விலக்க மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி ஒரு ஸ்கேன், சாதாரண மூச்சில் ஒரு ஸ்கேன் என்று சில இடங்களில் இரண்டு எடுக்கிறார்கள். தொண்டை நோயாளி நாலாவது வாரத்தில் இளைத்துப் போனால் முகமூடி தொளதொளத்துவிடும். மறுபடியும் முகமூடி, மறுபடியும் ஸ்கேன். பிறகு ஆக்சிலரேட்டரில் தினமும் எடுக்கிற சரிபார்ப்புப் படங்கள் தனி.

குழந்தைகள் விஷயம் இன்னும் கூர்மையானது. சிறு வயதில் நோயறிவதற்காக சி.டி. எடுத்துக்கொண்ட லட்சத்து எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிரிட்டனில் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 2012-ல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். எலும்பு மஜ்ஜையில் சேர்ந்த டோஸ் 50 மில்லிகிரே அளவுக்குப் போனவர்களிடம் ரத்தப் புற்றுநோயின் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்பது அதன் முடிவு. பயந்துவிடாதீர்கள், அந்த நோய் குழந்தைகளிடம் மிக அரிது என்பதால் மூன்று மடங்கானாலும் சின்ன எண்தான், தேவையான ஸ்கேனை யாரும் தவிர்க்க வேண்டாம் என்று அவர்களே சொன்னார்கள். ஆனால் "மில்லிகிரே எல்லாம் ஒரு கணக்கா" என்று கேட்பதற்கும் இடமில்லை.

இதையெல்லாம் சொன்னதும் டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "சரி, குறைச்சிடலாம். படம் கலங்கலா வந்தா நான் எங்க கோடு போடறது?"

இதுதான் இந்த விஷயத்தின் மையம். நமக்கு இது சிக்னல், நாய்ஸ் விவகாரம். டோஸைப் பாதியாக்கினால் படத்தில் இரைச்சல் சுமார் 40 சதவீதம் கூடும். ரேடியாலஜிஸ்ட் கலங்கலான படத்தைப் பார்த்து "மறுபடி எடு" என்று சொல்லலாம். இங்கே கலங்கலான படத்தில் கோடு சில மில்லிமீட்டர் தள்ளிப் போனால், அந்தத் தவறு முப்பது நாளும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப நடக்கும். கட்டியின் ஓரம் விட்டுப்போகலாம், அல்லது நல்ல மலக்குடல் வெந்து போகலாம். ஆகவே, "குறைவாக இருந்தால் நல்லது" என்கிற பேச்சே இங்கே தவறு. "வேலைக்குப் போதுமான அளவு எது?" என்பதே சரியான கேள்வி.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? தியரியிலிருந்து எடுக்க முடியாது. ஊரைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த யோசனைக்குப் பெயர்தான் டயக்னாஸ்டிக் ரெஃபரன்ஸ் லெவல். ஒப்பீட்டு அளவு என்று தமிழில் சொல்லிக்கொள்கிறேன்.

இது பிறந்த கதை சுவையானது. 1980-களின் நடுவில் பிரிட்டனின் தேசியக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு வாரியம் இங்கிலாந்தில் 20 மருத்துவமனைகளுக்குப் போய், சாதாரண எக்ஸ்ரேக்களுக்கு நோயாளிகள் வாங்கும் டோஸை அளந்தது. அதே மார்பு எக்ஸ்ரே, அதே முதுகு எக்ஸ்ரே. மருத்துவமனைக்கு மருத்துவமனை டோஸ் பல மடங்கு வித்தியாசப்பட்டது. அதிகம் கொடுத்தவர்களுக்கு அதிகம் கொடுக்கிறோம் என்றே தெரியாது. யாரும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லையே! அதன்பின் ஒரு எளிய ஏற்பாடு செய்தார்கள். எல்லா மருத்துவமனைகளின் எண்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்தி, முக்கால் பங்கு முடியும் இடத்தில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே இருக்கும் கால் பங்கு மருத்துவமனைகள் "நாம் ஏன் இங்கே நிற்கிறோம்?" என்று தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். அபராதம் கிடையாது, சீல் வைப்பது கிடையாது. சில ஆண்டுக்கொருமுறை மீண்டும் அளந்தார்கள். 2005-ம் ஆண்டுக் கணக்கில் அந்தக் கோடுகள் பெரும்பாலும் முதல் கோடுகளின் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம், ஐ.சி.ஆர்.பி., இந்தப் பெயரையும் முறையையும் 1996-ல் உலகத்துக்கே சொல்லி, 2017-ல் தனி நூலாகவே விரிவாக எழுதியது.

மாணவர்களுக்காக ஒரு கற்பனைக் கணக்கு. எட்டு மையங்கள். ஒவ்வொன்றும் ஒரே வகை ஸ்கேனுக்கு, சராசரி உடல்வாகு உள்ள இருபது முப்பது நோயாளிகளின் எண்களை எடுத்து அதன் மீடியனைத் தருகிறது. ஒரு குண்டு மனிதர் வந்தால் சராசரி தூக்கிக்கொள்ளும், அதனால் மீடியன். வரிசை இப்படி வருகிறது: 8, 9, 11, 12, 14, 15, 22, 31. முக்கால் பங்குக் கோடு 15-க்கும் 22-க்கும் நடுவே, சுமார் 18-ல் விழும். 22-க்காரரும் 31-க்காரரும் தங்கள் முறையைப் பரிசீலிக்க வேண்டும். 22-க்காரர் "என்னிடம் பழைய ஸ்கேனர், இதற்குக் குறைத்தால் டாக்டருக்குத் தெரிவதில்லை" என்று நியாயமான பதில் சொல்லலாம். 31-க்காரரிடம் பதில் இல்லாமல் போகலாம். 8-க்காரரும் தப்ப முடியாது. படம் வேலைக்கு ஆகிறதா என்று அவரும் பார்க்க வேண்டும்.

இதை வரம்பு என்று நினைக்கிறவர்கள் அதிகம். வரம்பு அல்ல. ஒரு தனி நோயாளிக்கு இது பொருந்தவே பொருந்தாது. பருமனானவருக்குக் கூடத்தான் வேண்டும். கோட்டுக்குக் கீழே இருப்பதால் எல்லாம் சரி என்றும் ஆகாது. "ஊரோடு ஒத்து வாழ்" என்பார்கள். ஊரே தப்பாக இருந்தால் ஒத்து வாழ்ந்து என்ன பயன்? அதனால்தான் கோட்டை அவ்வப்போது மறுபடி போட வேண்டியிருக்கிறது. 75 என்ற அந்தச் சதவீதத்திலும் மந்திரம் ஒன்றும் இல்லை. எதையாவது தொடங்கி வைக்க வசதியான இடம்.

இப்போது ஒரு சந்தேகம் வரும். ரேடியாலஜிப் பிரிவுக்குத்தான் ஏற்கனவே ஒப்பீட்டு அளவுகள் இருக்கின்றனவே, அதே மார்பு, அதே இடுப்பு, அதையே எடுத்து ஒட்டிக்கொண்டால் என்ன? ஒட்டாது. நான் இன்ஜினீயராக இதில் மூக்கை நுழைத்ததே இந்த இடத்தில்தான்.

கதிர்சிகிச்சை ஸ்கேனரின் வாய் பெரியது. சாதாரணமாக 70 சென்டிமீட்டர் என்றால் இதில் 80, 85. சாய்வுப் பலகையில் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுத்திருப்பவர் உள்ளே போக வேண்டுமே. வாய் பெரிதானால் டியூபும் தள்ளிப் போகும். தள்ளிப் போனால் அதே தெளிவுக்குக் கூடுதல் மின்னோட்டம் வேண்டும். அடுத்து நீளம். நுரையீரலில் எலுமிச்சை அளவு கட்டி என்றாலும் நாங்கள் இரண்டு நுரையீரலையும் முழுக்க ஸ்கேன் செய்தாக வேண்டும். மொத்த நுரையீரலில் எத்தனை சதவீதத்துக்கு 20 கிரே விழுகிறது என்று கணக்குக் காட்ட வேண்டும், பாதி நுரையீரலை வைத்து அந்தச் சதவீதம் போட முடியாது.

அடுத்தது கிலோவோல்ட். ரேடியாலஜியில் ஒல்லியான ஆளுக்கு 120-லிருந்து 100 கிலோவோல்ட்டுக்கு இறக்கினால் டோஸ் குறையும், அவர்கள் தாராளமாகச் செய்கிறார்கள். எங்களால் அப்படி இஷ்டத்துக்கு இறக்க முடியாது. சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் இருக்கிறது. ஹவுன்ஸ்ஃபீல்ட் என்பவர் இ.எம்.ஐ. கம்பெனியின் இன்ஜினீயர், அவருடைய இயந்திரம் 1971-ல் லண்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தது, 1979-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இன்ஜினீயருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில் அது. திட்டமிடும் கம்ப்யூட்டர் அந்த எண்ணை எலக்ட்ரான் அடர்த்தியாக மாற்றித்தான் கதிர் எவ்வளவு ஆழம் போகும் என்று கணக்கிடுகிறது. அந்த மாற்றத்துக்கான வளைகோடு 120 கிலோவோல்ட்டில் அளந்து வைத்தது. கிலோவோல்ட்டை மாற்றினால், எலும்பில் முக்கியமாக, எண் மாறிவிடும். புது வளைகோடு அளந்து, சரிபார்த்து, எந்த நோயாளிக்கு எது என்று குழம்பாமல் வைத்திருக்க வேண்டும். அதனால் பல இடங்களில் 120-லேயே நிற்கிறோம். வேறு துறைக்குப் போட்ட கோட்டை வைத்து எங்களை அளப்பது, லாரியைக் காரின் மைலேஜ் கணக்கில் திட்டுவது மாதிரி. எங்கள் வேலைக்கு எங்கள் வேலையிலிருந்து எடுத்த எண்தான் வேண்டும்.

அதைத்தான் பிரிட்டனில் செய்தார்கள். அங்குள்ள மருத்துவ இயற்பியலாளர், பொறியாளர் சங்கமான ஐ.பி.இ.எம். நாடு முழுக்கக் கதிர்சிகிச்சை மையங்களிலிருந்து திட்டமிடல் ஸ்கேன்களின் எண்களை வாங்கி, 2018-ல் முடிவை வெளியிட்டது. மார்பகத்துக்கு 10 மில்லிகிரே, 390 மில்லிகிரே சென்டிமீட்டர். புராஸ்டேட்டுக்கு 16, 570. நுரையீரலுக்குச் சாதாரண ஸ்கேன் என்றால் 14, 550. மூச்சின் அசைவையும் சேர்த்துப் பிடிக்கும் 4டி ஸ்கேன் என்றால் 63, 1750. இங்கேயும் அதே பழைய கதை: ஒரே வேலைக்கு மையத்துக்கு மையம் பெரிய வித்தியாசம்.

இந்த எண்களைக் கொஞ்சம் மென்று பாருங்கள். மார்பகம் ஏன் 10? மார்புக்கும் வெளிக் காற்றுக்கும், மார்புக்கும் நுரையீரலுக்கும் எல்லை பளிச்சென்று தெரியும். சுமாரான படமே போதும். புராஸ்டேட் பக்கத்துச் சதையோடு சதையாக இருக்கும், தடித்த இடுப்பெலும்பு வேறு நடுவில், அதனால் கூட வேண்டும். 4டி ஏன் 63? நோயாளி மூச்சு விடும் வேகத்துக்கு மேசை ஆமையாக நகர வேண்டும், ஒவ்வொரு இடத்தையும் மூச்சின் பத்துக் கட்டங்களில் பிடிக்க வேண்டும். சாதாரண நுரையீரல் ஸ்கேனின் 550-ஐத் தோராயமாக உடல் முழுமைக்கான கணக்குக்கு மாற்றினால் சுமார் 8 மில்லிசீவர்ட். இயற்கையிலேயே உலகில் ஒரு மனிதருக்கு வருடத்துக்குச் சராசரி 2.4. அதாவது மூன்று வருடம். 4டி என்றால் பத்து வருடம். (மணவாளக்குறிச்சி மணலில் வீடு கட்டியிருப்பவர்களுக்குக் கணக்கு வேறு.) அதற்காக 4டி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. மூச்சோடு கட்டி ஒன்றரை சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறவருக்கு அந்த ஸ்கேன்தான் நல்ல நுரையீரலைக் காப்பாற்றுகிறது. ஆனால் அசையாத கட்டிக்கும் பழக்க தோஷத்தில் 4டி, அதையும் கழுத்திலிருந்து வயிறு வரை, என்று போகிறபோதுதான் நீளத்தைக் கவனிக்க வேண்டியிருக்கிறது.

டோஸ் எங்கே கசிகிறது என்று தேடுவது நம்மைப் போன்றவர்களுக்குப் பிடித்த வேலை. எங்கள் ஸ்கேனரில் நான் தேடியபோது, மார்பக நோயாளிகளின் எண் அவர்கள் உடல்வாகுக்குச் சற்றுத் தூக்கலாகவே தெரிந்தது. காரணம் சாய்வுப் பலகை. ஸ்கேனர் முதலில் மேலிருந்து ஒரு தட்டையான முன்னோட்டப் படம் எடுத்து, ஆள் எவ்வளவு அகலம் என்று கணித்து, மின்னோட்டத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். பலகையின் மேல் படுத்தவர் நடுமையத்துக்கு மேலே, டியூபுக்குக் கிட்டே இருக்கிறார். விளக்குக்குக் கிட்டே போன கையின் நிழல் பெரிதாகத் தெரிவதுபோல, அவர் பருமனானவர் என்று இயந்திரம் நினைத்துக்கொள்ளும். மேசையை இறக்கி உடம்பின் நடுவை வளையத்தின் நடுவுக்குக் கொண்டுவந்ததும் எண் இறங்கியது. படத்தில் டாக்டருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. செலவு சைபர். அதே வகை ஸ்கேனர் உள்ள வேறொரு ஊர் மையத்தில் நுரையீரல் ஸ்கேனுக்கு எங்களைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்ட ஓடிக்கொண்டிருந்தது. இயந்திரம் நிறுவிய அன்று கம்பெனி ஆள் ஏற்றிவிட்டுப் போன புரோட்டோகால், அதற்குப் பிறகு யாரும் தொடவில்லை. "படம் நல்லா வருது சார், எதுக்குத் தொடணும்?" என்றார் டெக்னீஷியன். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பக்கத்து ஊர் எண்ணை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

நாமும் ஒரு கோடு போடலாமா என்பதற்கு வருகிறேன். தமிழ்நாட்டு சி.டி. ஸ்கேனர்களின் டோஸை அளந்து வேலூரிலிருந்து 2009-ல் ஒரு ஆய்வு வந்தது. புதுச்சேரிக்கான ஒப்பீட்டு அளவுகளை 2014-ல் கணக்கிட்டார்கள். இரண்டும் நோய் கண்டுபிடிக்கும் ஸ்கேன்களுக்கு. கதிர்சிகிச்சைத் திட்டமிடலுக்குப் பிரிட்டன் எண்ணையே எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. அங்கத்திய சராசரி உடம்பு வேறு, நம் வார்டில் படுத்திருக்கும் நாற்பத்தைந்து கிலோ அம்மாவின் உடம்பு வேறு. சின்ன உடம்புக்குக் குறைந்த டோஸே போதும். பெரிய உடம்புக்குப் போட்ட கோட்டை வைத்து அளந்தால் நாம் எல்லோரும் ஜம்மென்று பாஸ் ஆகிவிடுவோம், ஒன்றையும் சீர் செய்யாமலே. அதோடு திரையில் வரும் எண் பிளாஸ்டிக் உருளைக்கானது என்று முன்பே சொன்னேன். 32 சென்டிமீட்டர் உருளையைவிட ஒல்லியான ஆளுக்கு உண்மையில் விழுந்தது திரையில் தெரிவதைவிட அதிகம்.

உருளை என்றதும் ஒரு எச்சரிக்கை. இரண்டு உருளைகள் உண்டு: உடம்புக்கு 32 சென்டிமீட்டர், தலைக்கு 16. அதே செட்டிங்குக்கு 16 உருளையின் எண் ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டும். கழுத்து ஸ்கேனை ஒரு மையம் தலைக் கணக்கிலும் இன்னொன்று உடம்புக் கணக்கிலும் அனுப்பினால், இல்லாத வித்தியாசத்தைத் தேடிக்கொண்டு திரிய வேண்டியதுதான். எண் வாங்கும்போதே எந்த உருளை என்று கேட்டு எழுத வேண்டும். எடை, ஸ்கேன் நீளம், சாதாரணமா 4டியா, முகமூடியா பலகையா, இவையும் கூடவே வேண்டும்.

தம்பி தங்கைகளே, இறுதியாண்டு புராஜெக்டுக்குத் தலைப்புத் தேடுகிறவர்கள் இங்கே கேளுங்கள். இன்றைய ஸ்கேனர்கள் டோஸ் விவரத்தை டைகாம் வடிவில் ஒரு கோப்பாகவே எழுதுகின்றன. அந்தக் கோப்பு அழிவதற்கு முன் எடுத்து, நோயாளியின் பெயர், அடையாளங்களை நீக்கி, ஸ்கேன் வகை வாரியாகப் பிரித்து, மீடியன் போட்டுத் தருகிற ஒரு நிரல் எழுதினால் போதும். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு இது இரண்டு வார வேலை. கஷ்டம் நிரலில் இல்லை. "மார்பு", "செஸ்ட்", "தோராக்ஸ்", "லங் புதுசு 2" என்று ஒரே ஸ்கேனுக்கு ஒவ்வொரு மையத்திலும் வைத்திருக்கும் பெயர்களைச் சேர்த்துக் கட்டுவதில் இருக்கிறது. மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வாங்க வேண்டும். பொறுப்பு மெடிக்கல் பிஸிசிஸ்டுடையது. நாம் அவருக்குக் கை கொடுக்கிறோம், அவ்வளவே. எங்கள் மூத்த டாக்டர் இப்போது மாதம் ஒருமுறை அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் பார்க்கிறார். போன மாதம் ஒரு நோயாளியின் எண்ணைக் காட்டி, "இது ஏன் தம்பி இவ்வளவு?" என்று அவரே கேட்டார். பார்த்தோம், நோயாளி 96 கிலோ. நியாயம்தான் என்று எழுதி வைத்தோம்.

இங்கே வந்திருக்கும் நம் பழைய மாணவர்களில் மருத்துவக் கருவிக் கம்பெனிகளிலும் மருத்துவமனைகளிலும் இருப்பவர்கள் பத்துப் பேராவது இருப்பீர்கள். உங்கள் மையத்தில் சி.டி. சிமுலேட்டர் இருந்தால், மார்பகம் ஒன்றுக்கு மட்டும், முப்பது நோயாளிகளின் எண்ணோடு என்னிடம் பேசுங்கள். எட்டு மையங்கள் சேர்ந்தால் நம்முடைய முதல் கோட்டைப் போட்டுப் பார்த்துவிடலாம்.